கலவையும் காப்பும்: நறுமண எண்ணெய்களின் ஒட்சியேற்றத் தடுப்பாற்றல் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

கறுவா, கராம்பு, ஏலம், ஓமம் முதலான நறுமணப் பொருட்களின் வரலாறு நம் நாட்டிற் பெரும்பாலும் வாணிப வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்தக் கப்பல் எவ்வளவு சரக்கை ஏற்றிச் சென்றது, எந்த ஆளுநர் எத்தகைய கட்டளையைப் பிறப்பித்தார் என்பன பற்றி நாம் ஓரளவு விரிவாகவே அறிவோம். ஆனால் அச்சரக்கினுள் அடங்கியிருந்த பொருள் யாது, அது எவ்வாறு தொழிற்படுகின்றது, அதனைப் பற்றிய அறிவு யாரிடத்தே தோன்றி யாருடைய உடைமையாயிற்று ஆகிய வினாக்களை வரலாற்றாசிரியர் விஞ்ஞானிக்கும், விஞ்ஞானி வரலாற்றாசிரியருக்கும் விட்டுவிட்டனர். இடையில் நின்று அவ்வினாக்களுக்கு விடை கூற முன்வந்திருப்பவன் வணிகன் ஒருவனே.

இன்று கடைகளில் விற்கப்படும் மூலிகை எண்ணெய்க் கலவைகள் பலவற்றின் மீது 'ஒட்சியேற்றத் தடுப்பாற்றல் மிக்கது' என்ற சொற்றொடரைக் காண்கின்றோம். இதனையிட்டு நம்மிடையே இருவகை மனப்பாங்குகள் நிலவுகின்றன. நம் முன்னோர் யாவற்றையும் அறிந்திருந்தனர், மேனாட்டார் அதனை இன்றுதான் கண்டுபிடித்துள்ளனர் எனப் பெருமிதங் கொள்வது ஒன்று. இவையெல்லாம் வெறும் மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடுவது மற்றொன்று. இரண்டும் வரலாற்று நோக்கு அற்றவை. எண்ணெய்க் கலவை என்ற நடைமுறை எத்தகைய சமூகத் தேவைகளிலிருந்து எழுந்தது, ஒட்சியேற்றத் தடுப்பு என்ற கோட்பாடு எத்தகைய சூழலில் உருவாயிற்று, இவ்விரண்டும் எங்ஙனம் சந்தித்தன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கலவையின் பழைமை

மணப்பொருட்களைத் தனித்தனியே அன்றிக் கலந்து பயன்படுத்தும் வழக்கம் பண்டைய நாகரிகங்கள் பலவற்றிற்கும் பொதுவானது. எகிப்தியக் கோயில்களிற் புகைக்கப்பட்ட 'கைபி' பல சரக்குகளின் கூட்டாகும். எபிரேயரின் யாத்திராகமத்திற் கூறப்படும் அபிடேக தைலம் வெள்ளைப்போளம், கறுவா முதலியவற்றை ஒலிவ எண்ணெயுடன் சேர்த்துச் செய்யப்பட்டது. கிரேக்க அறிஞரான தியோபிராசுத்தசு மணங்கள் பற்றி எழுதிய நூலில், எந்த எண்ணெய் மணத்தை நன்கு ஏற்கும், எந்த மணத்தைலம் நெடுநாட் கெடாது நிற்கும் என்பவற்றை ஆராய்ந்துள்ளார். எண்ணெய் காறிப்போதல் என்பது மணத்தைலம் செய்வோனின் அன்றாடப் பிரச்சினை. ஆகவே 'கெடாமற் காத்தல்' என்ற வினா, விஞ்ஞானக் கோட்பாடாக உருப்பெறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தொழில்வினைஞனின் வினாவாக இருந்தது எனலாம்.

தமிழ் இலக்கியத்திலும் இதற்குச் சான்றுண்டு. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி கூந்தலை நீராட்டும் பகுதியில், துவர்ப் பொருட்கள் பத்து, விரைப் பொருட்கள் ஐந்து, ஓமாலிகை முப்பத்திரண்டு என எண்ணிக்கையிட்டுக் கூறப்படுகின்றது. மணமூட்டும் பொருட்களிலிருந்து துவர்ப்புடைய பொருட்களைத் தனி வகையாகப் பிரித்திருப்பது நோக்கத்தக்கது. துவர்ப்புச் சுவைக்குக் காரணமான பொருட்கள் பெரும்பாலும் பல்பீனோல் வகையைச் சேர்ந்தவை என்பதும், பீனோல்களே இன்று அறியப்பட்ட முக்கியமான ஒட்சியேற்றத் தடுப்பிகள் என்பதும் உண்மை. ஆயின் இதிலிருந்து சங்கம் மருவிய காலத்தார் ஒட்சியேற்றத் தடுப்பை அறிந்திருந்தனர் என முடிவு கட்டுவது பொருந்தாது. அவர்கள் சுவையாலும் பயனாலும் பொருட்களை வகுத்தனர். அவ்வகுப்பு கூர்மையான அவதானத்தின் பேறு. காரணத்தை விளக்கும் கோட்பாடன்று. அவதானத்திற்கு அதற்குரிய மதிப்பை அளிப்பதே முறை. இல்லாத கோட்பாட்டை அதன்மேல் ஏற்றுவது அம்மதிப்பைக் கூட்டாது. மேலும் அந்நீராட்டு ஒரு செல்வச் செழிப்புமிக்க நகரத்தின் ஆடம்பரம் என்பதையும், அச்சரக்குகளைச் சேகரித்தோரின் பெயர்கள் காப்பியத்தில் இடம்பெறவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

2. வடிகலனும் குடியேற்ற ஆட்சியும்

மலரையோ பட்டையையோ எண்ணெயில் ஊறவைத்தல் ஒரு முறை. நீராவியுடன் அதன் மணத்தை மாத்திரம் பிரித்தெடுத்தல் வேறொரு முறை. கொதிநீராவி வடிப்பின் வளர்ச்சியில் அராபிய அறிஞரின் பங்கு பெரிது. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-கிந்தி வாசனைப் பொருட்களின் இரசாயனமும் வடிப்பும் பற்றி எழுதினார். பதினாறாம் நூற்றாண்டளவில் ஐரோப்பிய மருந்துச் சாலைகளிற் கறுவா, கராம்பு ஆகியவற்றின் எண்ணெய்கள் வடிக்கப்பட்டன. இம்முறையினால் மூட்டை மூட்டையாக இருந்த சரக்கு ஒரு சிறு போத்தலுள் அடங்கிற்று. தூரதேச வாணிபத்திற்கு இதனினும் வாய்ப்பானது பிறிதில்லை.

இலங்கையின் கறுவா போர்த்துக்கேயரை 1505ஆம் ஆண்டின் பின் இங்கு நிலைகொள்ளச் செய்த முதற் காரணங்களுள் ஒன்று. 1658இல் அவர்களை முற்றாக வெளியேற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி கறுவாவைத் தன் முழு ஏகபோகமாக்கிற்று. பட்டை உரிக்கும் பணி சலாகம சாதியினரின் கட்டாய ஊழியமாக நிலைநிறுத்தப்பட்டது. களவாகக் கறுவா விற்றோருக்கும் மரத்தைச் சேதப்படுத்தியோருக்கும் மரண தண்டனை வரை விதிக்கச் சட்டம் இடமளித்தது. 1760ஆம் ஆண்டளவில் மூண்ட கண்டிப் போர் 1766ஆம் ஆண்டின் உடன்படிக்கையுடன் முடிவுற்றது. 1765இல் ஆளுநரான இமான் வில்லெம் பல்க் காட்டுக் கறுவாவில் மட்டும் தங்கியிராது தோட்டப் பயிராக அதனை வளர்க்க முனைந்தார். கொழும்பின் கறுவாத் தோட்டம் என்ற பெயர் இம்முயற்சியின் எச்சமாகும்.

பட்டைகளைத் தரம்பிரித்துக் கட்டும்போது சிந்திய துண்டுகளிலிருந்து கொழும்பில் எண்ணெய் வடிக்கப்பட்டது. 1777இல் இங்கு வந்த சுவீடிசுத் தாவரவியலாளர் துன்பேர்க் கறுவா பற்றி விரிவாக எழுதியுள்ளார். பிரித்தானியர் 1796இல் கொழும்பைக் கைப்பற்றியபின், கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைகளை அடுத்து 1833இல் கறுவா ஏகபோகம் நீக்கப்பட்டது. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியமும் அக்காலத்திலேயே ஒழிக்கப்பட்டது. இவை மனிதாபிமான நடவடிக்கைகள் என வருணிக்கப்படுவதுண்டு. ஆனால் கட்டாய உழைப்பில் தங்கிய ஏகபோகம், சுதந்திர வாணிபத்தை நாடிய வளர்ந்துவரும் முதலாளித்துவத்திற்குப் பொருந்தாததாகியிருந்தது என்பதே அடிப்படைக் காரணமாகும்.

3. மணத்தைப் பகுத்த இரசாயனம்

ஏகபோகம் நீங்கிய அதே காலப்பகுதியில் ஐரோப்பிய ஆய்வுகூடங்களிற் பிறிதொரு மாற்றம் நிகழ்ந்தது. 1834இல் டூமாவும் பெலிகோவும் கறுவா எண்ணெயிலிருந்து சினமல்டிகைட்டைப் பிரித்தெடுத்தனர். 1854இல் கியோத்சா அதனைத் தொகுப்பு முறையாற் செய்து காட்டினார். மணம் என்பது ஒரு மரத்தின் ஆன்மா அன்று, பெயரிடக்கூடிய, அளவிடக்கூடிய, ஈற்றில் மரமின்றியே செய்யக்கூடிய மூலக்கூறு என்பது இதனால் நிறுவப்பட்டது.

கறுவாச் செடி இவ்விடயத்தில் அரிய பாடமொன்றைப் புகட்டுகின்றது. அதன் பட்டை எண்ணெயில் மேலோங்கி நிற்பது சினமல்டிகைட்டு. இலை எண்ணெயிலோ இயூஜினோல் பெரும்பங்கு வகிக்கின்றது. வேர்ப்பட்டை எண்ணெயிற் கற்பூரம் மிகுந்துள்ளது. ஒரே செடியின் மூன்று உறுப்புகள் மூன்று வேறுபட்ட எண்ணெய்களைத் தருகின்றன. கராம்பு எண்ணெயின் தலையாய கூறும் இயூஜினோலே. அப்பெயர் கராம்பு முன்னர் சேர்க்கப்பட்டிருந்த இயூஜீனியா என்னும் தாவரப் பேரினத்திலிருந்தும், அப்பேரினத்தின் பெயர் சவோயின் இளவரசர் இயூஜினிடமிருந்தும் வந்தன. கராம்பு பறித்தவனுக்கன்றி, அதன் மணத்தை மட்டும் நுகர்ந்திருக்கக்கூடிய இளவரசனுக்கே நிலையான பெயர் கிட்டியது.

இயூஜினோலிலிருந்து வனிலின் தயாரிக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொழிற்சாலைகளுக்குச் சென்றது. குடியேற்ற நாடு இலையை வடித்து எண்ணெயை அனுப்பும்; தொழிற்றுறை நாடு அதனைப் பகுத்து மாற்றி மீளவும் விற்கும். ஓமத்தின் கதையும் இத்தகையதே. முதலாம் உலகப் போருக்கு முன்னர் இந்தியாவின் ஓமம் ஜேர்மனிக்கு ஏற்றுமதியாகி, அங்கு தைமோல் என்னும் கிருமிகொல்லி அதிலிருந்து பெறப்பட்டது. 1914இல் போர் மூண்டு வழி அடைபட்டபோதுதான், வீட்டுக்கு வீடு ஓமநீர் பயின்ற நாட்டில் தைமோல் உற்பத்தி செய்யும் தேவை உணரப்பட்டது.

'கலப்பு' என்ற சொல் இக்காலத்திற் பெற்ற பொருளையும் இங்குச் சுட்டுதல் வேண்டும். இலங்கையின் தென்பகுதியில் வடிக்கப்பட்ட சிற்றொனெல்லா எண்ணெய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகச் சந்தையிற் பேரிடம் பெற்றது. அதனுடன் மண்ணெண்ணெயைக் கலந்து விற்பதும் பெருகிற்று. இலைப்சிக் நகரத்துச் சிம்மெல் நிறுவனம் அதனைக் கண்டறிய வகுத்த அற்ககோல் சோதனை அந்நிறுவனத்தின் பெயராலேயே வழங்கிற்று. பின்னர் யாவாவின் உயர்தர எண்ணெய் சந்தையைப் பிடித்துக்கொண்டது. தரம் யாது என்பதை வரையறுக்கும் அதிகாரமும் கருவிகளும் வாங்குவோன் கையில் இருந்தன. பழைய உலகில் கலவை ஒரு கலை. குடியேற்றச் சந்தையில் அது குற்றம். இன்று அது மீண்டும் விலையுயர்ந்த சரக்கு.

4. ஒட்சியேற்றத் தடுப்பு என்ற கோட்பாடு

எண்ணெய் ஏன் காறுகின்றது என்ற வினாவிற்கு விடை காணும் முயற்சியில் 1820 அளவில் சுவிசு அறிஞர் தியோடர் டி சோசூர் செய்த பரிசோதனை குறிப்பிடத்தக்கது. வாதுமை வகை எண்ணெயொன்றின் மெல்லிய படை பல மாதங்களாகச் சிறிதளவு ஒட்சிசனையே உறிஞ்சிப் பின்னர்ச் சில நாட்களுள் பன்மடங்கு உறிஞ்சியதை அவர் கண்டார். 1843இல் தெசாம்ப் என்பவர் சாம்பிராணி வகைப் பிசின் சேர்ந்த பன்றிக் கொழுப்புக் களிம்பு எளிதிற் காறுவதில்லை என அறிவித்தார். ஒகையோப் பள்ளத்தாக்கின் ஆதிக்குடிகள் கரடிக் கொழுப்பை ஒருவகை எல்ம் மரப்பட்டையுடன் சேர்த்துக் காத்துவந்தமையை 1852இல் ரைட் பதிவு செய்தார். இவ்வாறு மருந்து செய்வோரதும் பழங்குடியினரதும் நடைமுறை அறிவே கோட்பாட்டிற்கு முன்னோடியாயிற்று.

கோட்பாடு தெளிவுற்றதோ போர்க்களத்தின் நிழலில் ஆகும். முதலாம் உலகப் போரில் நச்சுப் பொருளாகப் பயன்பட்ட அக்குரோலீன் விரைவிற் கெட்டுவிடும் இயல்பினது. அதனை நிலைப்படுத்தும் பணியில் ஈடுபட்ட பிரான்சிய இரசாயனவியலாளர் மூரே, டியுபிறேசு ஆகியோர் சிறிதளவு பீனோல் வகைப் பொருள் சேர்ப்பின் ஒட்சியேற்றம் பெரிதும் தடைப்படுவதைக் கண்டனர். 1922 முதல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுகள் இத்துறையின் அடித்தளமாயின. மனிதரைக் கொல்லும் பொருளைக் காக்கும் முயற்சியிலிருந்து உணவைக் காக்கும் அறிவு பிறந்தமை விஞ்ஞானத்தின் சமூக வரலாற்றில் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கதாகும்.

இதன் பொறிமுறையைச் சுருக்கமாகக் கூறலாம். கொழுப்பின் ஒட்சியேற்றம் ஒரு சங்கிலித் தாக்கம். தனி இலத்திரனைக் கொண்ட சுயாதீன மூலிகம் ஒன்று அயலிலுள்ள மூலக்கூற்றிலிருந்து ஐதரசனைப் பறிக்கின்றது. பறிகொடுத்தது தானும் மூலிகமாகி ஒட்சிசனுடன் சேர்ந்து அடுத்ததைத் தாக்குகின்றது. பீனோல் தன் ஐதரொட்சில் கூட்டத்தின் ஐதரசனை முற்பட்டு வழங்கி அச்சங்கிலியை அறுக்கின்றது. அதனால் விளையும் பீனோல் மூலிகம் ஒப்பீட்டளவில் உறுதியானது. எளிதிற் புதிய சங்கிலியைத் தொடக்குவதில்லை. இயூஜினோல், தைமோல், காவக்குரோல் ஆகியன பீனோல்கள். சினமல்டிகைட்டு பீனோல் அன்று. ஆகவே இவ்வாற்றலில் கறுவாப் பட்டையின் விலையுயர்ந்த எண்ணெயினும் மலிவான இலை எண்ணெய் மேம்பட்டு நிற்பது வியப்பன்று. சந்தையின் விலை வரிசையும் இயற்கையின் ஆற்றல் வரிசையும் ஒன்றல்ல.

1952இல் சிப்போல்ட்டும் அவர்தம் குழுவினரும் 32 வாசனைச் சரக்குகளைப் பன்றிக் கொழுப்பிற் சோதித்து, உரோசுமேரியும் சேச்சும் தலைசிறந்தவை எனக் கண்டனர். ஆயினும் அதே காலத்தில் மலிவான செயற்கைத் தடுப்பிகள் உணவுத் தொழிலைக் கைப்பற்றின. அவற்றுள் பீ.எச்.ஏ. என்பது எலிகளின் முன்னிரைப்பையிற் கட்டிகளைத் தோற்றுவிப்பதாக 1980களின் தொடக்கத்தில் யப்பானிய ஆய்வுகள் காட்டியபின்னரே இயற்கைப் பொருட்களின் மீது கவனம் பெரிதுந் திரும்பிற்று.

இங்கு முக்கியமான உண்மை ஒன்றை வலியுறுத்த வேண்டும். 1977இல் சாங் குழுவினர் உரோசுமேரியிலிருந்து மணமற்ற தடுப்பியைப் பிரித்தெடுக்கும் முறையை வெளியிட்டனர். அவ்விலையின் ஆற்றலுக்குப் பெரிதுங் காரணமான காணோசிக் அமிலம் முதலியன ஆவியாவதில்லை. வடிப்பின்போது அவை சக்கையிலேயே தங்கிவிடுகின்றன. எனவே ஒரு மூலிகையின் சிறப்பு முழுவதும் அதன் எண்ணெயுள் அடங்கியுள்ளது என்ற எண்ணம் தவறானது. கராம்பிற்குப் பொருந்துவது உரோசுமேரிக்குப் பொருந்தாது.

5. கூட்டின் ஆற்றல்

தனி எண்ணெய்களைவிடக் கலவை வலியதா என்ற வினாவிற்கு வருவோம். இரண்டு பொருட்கள் சேரும்போது அவற்றின் ஆற்றல் வெறுமனே கூடலாம், கூட்டுத்தொகையினும் மிகலாம், ஒன்றையொன்று தடுத்துக் குறையவுங் கூடும். மிகும் நிலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு உயிர்ச்சத்து ஈயும் சீயும் ஆகும். தாக்கத்தில் ஈடுபட்டுச் செலவாகிய உயிர்ச்சத்து ஈயை, உயிர்ச்சத்து சீ மீளுருவாக்குவதை 1979இல் பக்கர், சிலேற்றர், வில்சன் ஆகியோர் நேரடியாகக் காட்டினர்.

நறுமண எண்ணெய்களில் இதனையொத்த தொழிற்பாடு காமா-தேப்பினீன் என்னும் கூற்றினால் நிகழ்கின்றது. இது பீனோல் அன்று. 2003இல் போட்டியும் இங்கோல்டும் இது ஐதரோபரொட்சில் என்னும் சிறு மூலிகத்தைத் தோற்றுவித்துச் சங்கிலியை விரைந்து முடிவுறச் செய்வதை விளக்கினர். அச்சிறு மூலிகம் செலவாகிய பீனோலை மீட்டுத் தரவும் வல்லது எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஓம எண்ணெயில் தைமோலும் காமா-தேப்பினீனும் இயல்பாகவே ஒருங்கு காணப்படுகின்றன. வணிகன் கலப்பதற்கு முன்னரே செடி கலந்து வைத்திருக்கின்றது என்பது இதன் பொருள். எந்த நறுமண எண்ணெயும் தனிப்பொருள் அன்று; ஒவ்வொன்றும் தன்னளவில் ஒரு கலவையே.

ஆனால் எல்லாக் கலவையும் இவ்வாறு பயன் தருவதில்லை. பீனோல் செறிந்த எண்ணெயைப் பீனோலற்ற எண்ணெயுடன் கலந்தால் அது நீர்த்துப்போதலும் கூடும். மேலும் அளவிடும் முறையைப் பொறுத்து முடிவும் மாறுகின்றது. 1958இல் புளோய் அறிமுகஞ்செய்த டீ.பீ.பீ.எச். முறையில், ஊதா நிறமுள்ள உறுதியான மூலிகமொன்றின் நிறம் எவ்வளவு மறைகின்றது என்பது அளக்கப்படுகின்றது. இம்முறை எளியது, மலிவானது. வளர்முக நாடுகளின் ஆய்வுகூடங்களுக்கு அது பேருதவியாயிற்று. ஆயின் கண்ணாடிக் குழாயில் அற்ககோலிற் கரைந்த ஒரு செயற்கை மூலிகம், காறும் கொழுப்பும் அன்று, உயிருள்ள கலமும் அன்று. காமா-தேப்பினீன் போன்றவற்றின் சிறப்பு இத்தகைய சோதனையில் வெளிப்படுவதுமில்லை.

6. சந்தையும் நலமும்

1956இல் டென்கம் காமன் மூப்படைதலுக்குச் சுயாதீன மூலிகங்களே காரணம் என்ற கருதுகோளை முன்வைத்தார். 1969இல் மக்கோட், பிறிடோவிச் ஆகியோர் சுப்பரொட்சைட்டை நீக்கும் நொதியத்தைக் கண்டறிந்தனர். இவற்றின் விளைவாக, கொழுப்பைக் காப்பது உடலையும் காக்கும் என்ற எளிய ஒப்புமை பரவிற்று. அவ்வொப்புமை சோதனைக்குள்ளானபோது நிலைக்கவில்லை. பின்லாந்தில் புகைபிடிப்போரிடையே நடைபெற்று 1994இல் வெளியான ஆய்விலும், 1996இல் வெளியான அமெரிக்க ஆய்விலும், பீற்றா-கரோட்டீன் மாத்திரை பெற்றோரிடையே சுவாசப் புற்றுநோய் குறையவில்லை, அதிகரித்தது. உணவுகளின் ஒட்சியேற்றத் தடுப்பாற்றலைத் தரவரிசைப்படுத்திய அட்டவணையை ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களம் 2012இல் மீளப்பெற்றது. குழாயிற் பெற்ற எண்களை உடல் நலத்திற்குச் சான்றாக விளம்பரங்கள் காட்டியமையே அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று.

எனவே நறுமண எண்ணெய்க் கலவைகள் உணவையும் தைலத்தையும் காறாது காக்கும் ஆற்றலுடையன என்பது நிறுவப்பட்ட உண்மை. அவை நோயைத் தடுக்கும், முதுமையை ஒத்திவைக்கும் என்பது நிறுவப்படாத கூற்று. செறிந்த இயூஜினோலை உட்கொள்வது ஈரலுக்குத் தீங்கு விளைக்கக்கூடியது என்பதையும் சேர்த்தே கூறுதல் வேண்டும். நோயால் வருந்தும் ஏழை ஒருவன் சிகிச்சைக்குரிய பணத்தை ஒரு போத்தல் எண்ணெய்க்குச் செலவிடுவானாயின், அங்குக் காக்கப்படுவது அவனுடைய உடல் அன்று.

7. நம் முன்னுள்ள பணி

1955இல் நிறுவப்பட்ட இலங்கை விஞ்ஞானக் கைத்தொழில் ஆராய்ச்சி நிலையம் கறுவா எண்ணெய்களை ஆராய்வதில் முன்னின்றது. அங்கு பணியாற்றிய ஆர். ஓ. பி. விசேசேகர கறுவாவின் இரசாயனம் பற்றி எழுதிய ஆய்வுரை 1978இல் வெளியாகி உலகளாவிய கவனத்தைப் பெற்றது. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் பிறர் அளந்து தரம் கூறிய பொருளை இந்நாட்டவர் தாமே அளந்து பகுத்தமை சிறிய மாற்றமன்று. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவிற்குப் புவிசார் குறியீட்டை வழங்கிற்று. குமரின் மிகுந்த மலிவான கசியாப் பட்டையிலிருந்து இலங்கைக் கறுவாவைப் பிரித்தறிய இது துணைபுரியும்.

ஆயினும் பெயர் காக்கப்படுவதனால் மாத்திரம் உழைப்பவர் காக்கப்படுவர் எனக் கொள்ள முடியாது. பட்டை உரிப்பது இன்றும் கைத்திறனிலேயே தங்கியுள்ளது. அத்தொழிலைச் சாதி இழிவோடு பிணைத்த பழைய உறவுகளின் நினைவு முற்றாக மறையவில்லை. அதனால் இளைஞர் அதனை நாட மறுப்பதும் உரிப்போர் பற்றாக்குறையும் தொடர்ந்து பேசப்படுகின்றன. இலையை வடிப்பவன் தன் எண்ணெயில் எத்தனை பங்கு இயூஜினோல் உண்டென்பதைத் தானே அறியும் வாய்ப்பினைப் பெறவேண்டும். வடிப்பின் பின் எறியப்படும் சக்கையில் தங்கிய பல்பீனோல்களைப் பயன்படுத்தும் வழிகள் இந்நாட்டிலேயே ஆராயப்படல் வேண்டும். கலவைகளைச் சோதிப்போர் நிறமாற்றத்தோடு அமையாது, நம் மக்கள் உண்மையிற் பயன்படுத்தும் தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், கருவாடு ஆகியவற்றில் அவை எத்தனை நாட் காப்புத் தருகின்றன என்பதை அளந்து, அம்முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடல் வேண்டும். பல்கலைக்கழக ஆய்வுகூடங்களும் வடிப்போரின் கூட்டுறவு அமைப்புகளும் ஒருங்கிணைந்து செய்யக்கூடிய பணி இது. இதற்குப் பெருமுதலீடு தேவையில்லை.